ஊர் நகரத்துச் சிகுராட்: போய்ப் பார்க்கலாமா, இல்லை எல்லாம் புதுச் செங்கலா?

பஸ்ராவாசி:
வணக்கம். பஸ்ரா பக்கம் எண்ணெய் வயலில் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். ஜனவரியில் விடுப்பு கிடைத்திருக்கிறது. நசிரியாவுக்கு வெளியே இருக்கும் 'ஊர்' என்ற பழைய சுமேரிய நகரத்தின் இடிபாடுகளையும் அங்கே நிற்கும் சிகுராட்டையும் (தளம் தளமாக அடுக்கிய கோயில் மேடை) பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கூட வேலை செய்யும் இராக்கிக்காரர் ஒருவரிடம் சொன்னேன். "அங்கே என்ன இருக்கிறது? சதாம் கட்டிய சுவரைப் பார்க்க இவ்வளவு தூரமா?" என்று சிரிக்கிறார். படங்களைப் பார்த்தால் எனக்கும் அந்தச் சந்தேகம் வருகிறது. கீழ்ச் சுவர் அவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது. போனவர்கள் சொல்லுங்கள், போகலாமா?

கறார்:
உங்கள் நண்பர் சொன்னதில் தப்பில்லை. முகப்புச் சுவரும் பெரிய படிக்கட்டும் 1980களில் திருப்பிக் கட்டியவை. நாலாயிரம் வருடத்துப் படியில் கால் வைக்கிறோம் என்று மெய்சிலிர்த்து ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். கோபுரத்தின் உண்மையான வயதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பாக்தாத்துக்கு மேற்கே அகர் கூஃப் போங்கள். இல்லையா, எல்லை தாண்டி ஈரானில் சோகா சன்பில் போங்கள்.

நெறியாளர்:
இந்த நகரத்தின் பெயரும் தமிழ்ச் சொல் 'ஊர்' என்பதும் ஒத்திருப்பது பற்றிப் பேச தனி இழை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சண்டையை இங்கே கொண்டு வராதீர்கள்.

நாடோடி அக்கா:
தம்பி, நான் போயிருக்கிறேன். தாராளமாகப் போங்கள். கறார் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி அவர் போகாததால் தெரியாதது.

முதலில் வழி. பஸ்ராவில் கராஜில் (வாடகை வண்டி நிலையம்) இருந்து நசிரியாவுக்குப் பங்கு டாக்ஸி கிடைக்கும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டியை முழு நாளுக்குப் பேசிக்கொண்டோம், அதுதான் வசதி. நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் வாயு எரியும் தீச்சுவாலைகள், மறுபக்கம் வெறும் மண்வெளி. நடுவில் சைத்தரா (சோதனைச் சாவடி) வரும்போதெல்லாம் பாஸ்போர்ட் கேட்பார்கள். நகல் செல்லாது, அசல் கையில் இருக்க வேண்டும். எங்களை எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள், ஒரு இடத்தில் தேநீர்கூடக் கொடுத்தார்கள். சிகுராட்டுக்குப் பக்கத்திலேயே விமானப்படைத் தளம் இருக்கிறது. அந்தத் திசையில் கேமராவைத் திருப்ப வேண்டாம், டிரோன் நினைப்பே வேண்டாம். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் இருபத்தைந்தாயிரம் தினார் வாங்கினார்கள்.

தூரத்தில் இருந்தே கோபுரம் தெரிந்துவிடும். சுற்றிலும் தட்டையான நிலம், மறைக்க ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் யூப்ரடீஸ் நதி நகரத்தை ஒட்டி ஓடியது, கடலும் இப்போதைவிடக் கிட்டே இருந்தது, இது துறைமுக நகரம் என்பதை அங்கே நின்றுகொண்டு நம்புவது கஷ்டம். நதி தடம் மாறி விலகிப் போய்விட்டது, நகரமும் அதோடு செத்துவிட்டது. காலடியில் மணல் இருக்கும் என்று நினைத்துப் போனேன். பானை ஓடுதான் இருந்தது. எங்கே காலை வைத்தாலும் ஓடு. ஒன்றையும் எடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

மூன்று படிக்கட்டுகள் இருக்கின்றன. நடுவில் ஒன்று நேராக வருகிறது, மற்ற இரண்டும் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஏறுகின்றன. மூன்றும் முதல் தளத்தின் உச்சியில் ஒரே இடத்தில் சேர்கின்றன. இவைதான் புதிது. ஆனால் ஏறி முடித்ததும் கண்ணெதிரே தெரிவது புதிதல்ல. முதல் தளத்துக்கு மேலே புதுச் செங்கல் கிடையாது. மழையும் காற்றும் அரித்துக் கரடுமுரடாகிப் போன பழைய மண்மேடு அப்படியே நிற்கிறது. பச்சைச் செங்கல் (சுடாமல் வெயிலில் காயவைத்தது) வரிசைகளைத் தனித்தனியாக எண்ணலாம். சுட்ட செங்கல்லுக்கு இடையே கறுப்பாகத் தார் பிதுங்கிக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டிப் பார்க்கக் கை துடிக்கும், செய்யாதீர்கள்.

உச்சியில் கோயில் இல்லை. நன்னா என்ற நிலாக் கடவுளின் அறை அங்கே இருந்திருக்க வேண்டும், அதன் தடயமே மிஞ்சவில்லை. வெறும் மேடும் காற்றும்தான். அங்கிருந்து பார்த்தால் அரச கல்லறைப் பகுதி, குடியிருப்புத் தெருக்கள், பைபிளில் வரும் ஆபிரகாமின் வீடு என்று காட்டும் செங்கல் கட்டடம் எல்லாம் தெரியும். கடைசியில் சொன்னது 1990களில் எழுப்பியது. கறார் அதைப் பற்றி என்ன சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன்.

மேகலை99:
அக்கா படம் போடுங்க ப்ளீஸ். அந்தத் தார் தெரிகிற மாதிரி.

சிமெண்ட் தாத்தா:
பொதுப்பணித் துறையில் காலம் தள்ளியவன் என்பதால் கட்டட வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கீழ்த்தளம் சுமார் 64 மீட்டருக்கு 45 மீட்டர். உள்ளே அறையோ சுரங்கமோ கிடையாது, முழுக்கப் பச்சைச் செங்கல் அடுக்கிய திண்டு. அதைச் சுற்றி ஏறத்தாழ இரண்டரை மீட்டர் கனத்தில் சுட்ட செங்கல் சுவர். சாந்துக்குப் பதில் தார். அந்த நாட்டில் கல் கிடையாது, நல்ல மரம் கிடையாது. மண்ணும் நாணலும் தாரும் மட்டும் கிடைக்கும். கையில் இருந்ததை வைத்துத்தான் இவ்வளவும் செய்திருக்கிறார்கள். எகிப்தியப் பிரமிடைப் போல இதையும் கல்லறை என்று சிலர் எழுதுகிறார்கள். உள்ளே யாரையும் புதைக்கவில்லை. மேலே இருக்கும் கடவுளின் அறையை உயரத்தில் தூக்கிப் பிடிப்பதற்கான மேடைதான் இது.

பஸ்ராவாசி, போனால் வெளிச்சுவரில் வரிசையாகத் தெரியும் சிறு துளைகளைக் கவனியுங்கள். இன்றைக்கும் தடுப்புச் சுவர் கட்டினால் நாங்கள் வீப் ஹோல் விடுவோம், இல்லாவிட்டால் உள்ளே சேரும் தண்ணீர் சுவரைத் தள்ளிவிடும். பச்சைச் செங்கல் ஈரம் குடித்தால் உப்பிவிடும். உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழி வேண்டும் என்பதை இதைக் கட்டத் தொடங்கிய அரசர் ஊர்நம்மு காலத்துக் கொத்தனார் தெரிந்து வைத்திருக்கிறார். அகழ்ந்தவர் லியோனார்ட் வூலி வேறு மாதிரி சொன்னார். தளங்களின் மேல் மரம் நட்டுத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள், அந்தத் தண்ணீர் வடியத்தான் துளை என்பது அவர் கருத்து. படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் மண் திண்டின் மேல் தோட்டம் போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்ற எந்தக் கொத்தனாரும் சம்மதிக்க மாட்டான்.

இப்போது கறாருக்கு. வெளிச்சுவரை உரித்துவிட்டு "அசல்" மண்ணை மட்டும் நிறுத்தி வைத்தால் மழைக்கு மழை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அங்கே மழை குறைவுதான், ஆனால் குளிர்காலத்தில் ஒரே மூச்சில் கொட்டும். போதாததற்கு நிலத்தடி உப்பு. அடிச் செங்கல்லில் உப்பு பூத்து முகம் உதிர்கிறது. உறை போடுவதைத் தவிர வேறு வழி என்ன?

கறார்:
உறை போடுவதை நான் குறை சொல்லவில்லை ஐயா. எது பழையது எது புதியது என்று சாதாரண ஆள் பார்த்தால் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பாபிலோனில் என்ன நடந்தது? பழைய பாபிலோன் அரசர் நெபுகத்நேசர் அரண்மனையின் அடிச்சுவர் மேலேயே புதுச் சுவர் எழுப்பி, செங்கல்லில் சதாம் தன் பெயரைப் பொறித்து வைத்தார். அந்தச் சுவரைத் தொல்பொருள் என்று எப்படிச் சொல்வது? யுனெஸ்கோ பட்டியலில் பாபிலோன் 2019 வரை ஏறாமல் கிடந்ததற்கு இந்த வேலையும் ஒரு காரணம்.

ஏடுபடிப்பவன்:
பாபிலோன் விஷயத்தில் கறார் பக்கம்தான் நான். ஊர் விஷயத்தில் இல்லை.

இந்தக் கோபுரத்தின் கதையே பழுதுபார்த்த கதைதான். கி.மு. 2100 வாக்கில் ஊர்நம்மு தொடங்கினார், மகன் சுல்கி முடித்தார். செங்கல்லில் ஊர்நம்முவின் பெயரை முத்திரை குத்தியிருக்கிறார்கள். (சதாமுக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.) அப்புறம் சுமார் ஆயிரத்து ஐந்நூறு வருடம் கழித்து, பாபிலோனின் கடைசி அரசர் நபோனிடஸ் வருகிறார். அவருக்கே அது பாழடைந்த பழங்கட்டடம். அடியில் இருந்த கல்வெட்டுகளைப் படித்து, ஊர்நம்மு முடிக்காமல் விட்டதைச் சுல்கி முடித்தார் என்று தெரிந்துகொண்டு, பழைய அடித்தளத்தின் மேலேயே தாரும் சுட்ட செங்கல்லும் வைத்துத் திருப்பிக் கட்டினேன் என்று எழுதி வைத்தார். அக்கா மேலே பார்த்த கட்டுமானத்தில் அவர் காலத்து வேலையும் கலந்திருக்கிறது. ஆகவே "அசல்" என்று கறார் கேட்பது யாருடைய அசல்?

நபோனிடஸ் எழுதிய களிமண் உருளைகள் கோபுரத்தின் மூலைகளில் புதைந்து கிடந்தன. 1850களில் டெய்லர் என்பவர் தோண்டி எடுத்தார். பஸ்ராவாசிக்கு ஒரு சுவாரஸ்யம்: அந்த டெய்லர் பஸ்ராவில் இருந்த பிரிட்டிஷ் துணைத் தூதர். மூலைகளை உடைத்துத்தான் எடுத்தார், இன்றைக்கு அப்படிச் செய்தால் ஜெயில். அந்த உருளையில் நபோனிடஸ் தன் மூத்த மகனுக்காகவும் வேண்டிக்கொள்கிறார். மகன் பெயர் பெல்ஷாத்சார். பைபிளில் தானியேல் புத்தகம் படித்தவர்களுக்குச் சுவரில் கை எழுதிய கதை நினைவுக்கு வரும், அதே ஆள்தான். அதுவரை பாபிலோனியர் கையால் எழுதப்பட்ட எதிலும் அந்தப் பெயர் கிடைத்திருக்கவில்லை. அப்படி ஒருவர் இருந்ததே சந்தேகம் என்று சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். இது கிடைத்ததும் பேச்சு மாறியது.

நபோனிடஸின் மகள் இதே நகரத்தில் நன்னாவின் தலைமைப் பூசாரியாக இருந்தவர். அவர் இருந்த வளாகத்தை வூலி தோண்டியபோது ஒரே அறையில் வெவ்வேறு நூற்றாண்டுப் பொருள்கள் சேர்த்து வைத்திருந்தது தெரிந்தது. பழைய செங்கல் எழுத்தைப் படியெடுத்து விளக்கமும் எழுதிய களிமண் துண்டு ஒன்றும் இருந்தது. அருங்காட்சியகம் என்றே அதைச் சொல்கிறார்கள். பழையதைத் தேடிப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள்.

கறார்:
நபோனிடஸ் பக்தியில் கட்டினார். 1980களில் கட்டியது விளம்பரத்துக்கு. இரண்டும் ஒன்றா?

ஏடுபடிப்பவன்:
அரசர்கள் பக்தியையும் விளம்பரத்தையும் எப்போது பிரித்து வைத்தார்கள்?

எண்ணெய்க்கிணறு:
நானும் பஸ்ராவில் இருந்தவன். ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. 2003க்குப் பிறகு அந்த இடம் அமெரிக்கத் தளத்தின் வேலிக்குள் இருந்தது, 2009இல்தான் இராக்கிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1991 போரில் பக்கத்தில் குண்டு விழுந்து சுவரில் தழும்பு விழுந்தது, இன்றும் பார்க்கலாம். 2021 மார்ச்சில் போப் பிரான்சிஸ் வந்தது இந்த இடத்துக்குத்தான்.

பஸ்ராவில் இருந்து நசிரியா சாலையில் 32 கிலோமீட்டர் போனால் பஸ்ரா போர் நினைவிடம் வரும். 1914 முதல் 1921 வரை மெசபடோமியாவில் இறந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், இந்தியப் படையினருக்கானது. முன்பு நகரத்துக்குள் இருந்ததை 1997இல் பெயர்த்துக் கொண்டு போய்ப் பாலைவனத்தில் வைத்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை அந்தப் போரில் இங்கே இருந்த படைப்பிரிவுகளில் ஒன்று. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் பொறித்திருக்கிறது, இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்குப் படைப்பிரிவின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும்தான். நம்ம ஊர்ப் பக்கம் இருந்து போனவர்களும் அந்த எண்ணிக்கையில்தான் அடக்கம். ஐந்து நிமிஷம் நிறுத்திப் பாருங்கள்.

பஸ்ராவாசி:
இது தெரியாது அண்ணே. கண்டிப்பாக நிறுத்துகிறேன். கறார் சொன்ன அகர் கூஃப், சோகா சன்பில் இரண்டுக்கும் போனவர்கள் இருக்கிறார்களா? அடுத்த விடுப்புக்கு யோசிக்கலாம்.

கறார்:
இரண்டுக்கும் போனது நான்தான்.

அகர் கூஃப் பாக்தாத்தில் இருந்து முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. பாபிலோனை ஆண்ட காசைட் வம்சத்து அரசர் குரிகல்சு கி.மு. 14ஆம் நூற்றாண்டில் கட்டிய துர் குரிகல்சு நகரம். எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல் போனேன். அடியில் படிக்கட்டும் முதல் தளமும் புதிதாகக் கட்டியவைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் அதன் நடுவில் இருந்து பழைய மண் உள்ளுடல் ஐம்பது மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது. உறை முழுக்கப் போய்விட்டது, காற்று தின்றது போக மிச்சம். சில செங்கல் வரிசைக்கு ஒரு தடவை நாணல் பாய் விரித்திருக்கிறார்கள், அந்தப் பாய் மூவாயிரத்து முந்நூறு வருடம் கழித்தும் விளிம்பில் துருத்திக்கொண்டு நிற்கிறது. முறுக்கிய நாணல் கயிறும் உள்ளே ஓடுகிறது. சிமெண்ட் தாத்தா பார்த்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். பழைய ஐரோப்பியப் பயணிகள் பலர் இதையே பைபிளில் வரும் பாபேல் கோபுரம் என்று நினைத்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை பாக்தாத் குடும்பங்கள் சாப்பாட்டுக் கூடையோடு வந்துவிடும், அன்றைக்குப் போக வேண்டாம்.

சரி, உண்மையான பாபேல் கோபுரம் என்று சொல்லப்படும் பாபிலோன் கோபுரத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் ஏமாற்றம்தான். பக்கத்துக்கு 91 மீட்டர் இருந்த சதுரம் அது. திருப்பிக் கட்டலாம் என்று அலெக்சாண்டர் இடிபாட்டை அகற்றச் சொன்னார், கி.மு. 323இல் அவர் செத்துப்போனார், கட்ட ஆள் இல்லை. மிச்சமிருந்த செங்கல்லையும் அக்கம்பக்கத்து மக்கள் காலகாலமாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இப்போது நாணல் முளைத்த ஒரு பள்ளம்.

சோகா சன்பில் இதற்கெல்லாம் மேல். ஈரானின் குசெஸ்தான் மாகாணத்தில், ஷூஷ் பக்கம். ஏலம் நாட்டு அரசர் உந்தாஷ் நபிரிஷா கி.மு. 1250 வாக்கில் கட்டியது. பக்கத்துக்கு 105 மீட்டர். எழுத்து பொறித்த செங்கல் வரிசை சுவரைச் சுற்றி ஓடுகிறது, இவ்வளவு கிட்டத்தில் வேறெங்கும் படிக்க முடியாது. தரையில் ஒரு செங்கல்லில் குழந்தையின் காலடி பதிந்திருக்கிறது. மேலே ஏற விட மாட்டார்கள். விடாதது நல்லது.

சிமெண்ட் தாத்தா:
சோகா சன்பில் கட்டிய முறையும் வேறு. சாதாரணமாக ஒரு தளத்தின் தலையில் அடுத்த தளத்தை ஏற்றுவார்கள். அங்கே ஒவ்வொரு தளமும் தரையில் இருந்தே எழும்புகிறது, ஒன்றுக்குள் ஒன்றாக. உயரமான நடுத் தளத்தின் பாரம் கீழ்த் தளத்தின் மேல் இறங்காது. நாணல் பாய் பற்றிச் சொன்னதற்கு நன்றி, அதற்காகவே பாக்தாத் போகலாம் போலிருக்கிறது. பாய் செங்கல் வரிசைகளைச் சேர்த்துப் பிடிக்கும், ஈரத்தையும் வெளியே கொண்டுபோகும். ஒரே பொருளில் இரண்டு வேலை.

நாடோடி அக்கா:
நாணல் பேச்சு வந்ததால் சொல்கிறேன். தம்பி, ஒரு ராத்திரி நசிரியாவில் தங்க முடிந்தால் மறுநாள் சிபாயிஷ் சதுப்பு நிலத்துக்குப் போய்விடுங்கள். படகில் கூட்டிப் போவார்கள். நாணலை மட்டுமே வைத்து வளைவாகக் கட்டிய முதீஃப் என்ற விருந்தினர் கூடத்தில் தேநீர் கொடுப்பார்கள். சுமேரிய முத்திரைகளிலேயே அதே மாதிரி நாணல் வீட்டின் படம் இருக்கிறது. யுனெஸ்கோ 2016இல் இந்தச் சதுப்பு நிலத்தையும் ஊர், உருக், எரிது நகரங்களையும் ஒரே பட்டியலாகத்தான் சேர்த்தது.

அப்புறம் சிகுராட்டோடு திரும்பிவிடாதீர்கள். பலர் படி ஏறி ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நடந்து போகும் தூரத்தில் சுல்கி, அமர்சின் அரசர்களின் கல்லறை மண்டபங்கள் இருக்கின்றன. நிலத்துக்குள் படி இறங்குகிறது, மேலே செங்கல்லை உள்பக்கம் நீட்டி நீட்டி மூடிய கூரை. கறாருக்கு வேண்டிய பழைய செங்கல் அங்கே எக்கச்சக்கம்.

ஏடுபடிப்பவன்:
அதற்குப் பக்கத்தில்தான் இன்னும் பழைய அரச கல்லறைப் பகுதி. சிகுராட் கட்டுவதற்கு ஏறக்குறைய ஐந்நூறு வருடம் முந்தையது. வூலிக்கு 1922இலேயே அங்கே தங்கம் தட்டுப்பட்டது. தன் ஆட்களுக்கு அனுபவம் போதாது என்று அதை மூடிவிட்டு நாலு வருடம் வேறு இடம் தோண்டினார். அந்தப் பொறுமைக்கு அவரைக் கும்பிட வேண்டும். பிறகு தோண்டியபோது மொத்தம் சுமார் 1,800 புதைகுழிகள். அதில் பதினாறு அரச கல்லறை. ஒரே பள்ளத்தில் 74 பணியாட்கள், பெரும்பாலும் பெண்கள், தலையில் தங்க இலை மாலையோடு. அரசி பூஅபியின் கல்லறையில் கிடைத்த செம்மணிகளில் சிந்துவெளிப் பக்கம் இருந்து போனவையும் உண்டு, லாபிஸ் லசூலி என்ற நீல நிறக் கல் ஆப்கானிஸ்தானில் இருந்து போனது. இப்போது அங்கே வெறும் பள்ளம்தான். பொருளெல்லாம் லண்டன், பிலடெல்பியா, பாக்தாத் அருங்காட்சியகங்களில்.

துணுக்கு ஒன்று: எழுத்தாளர் அகதா கிறிஸ்டி தன் இரண்டாவது கணவர் மேக்ஸ் மல்லோவனைச் சந்தித்தது இந்த அகழ்வு முகாமில்தான், 1930இல். அவர் வூலியின் உதவியாளர்.

மேகலை99:
தங்க இலை மாலை பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்திருக்கிறேன்! அது இங்கே இருந்து வந்ததா.

பஸ்ராவாசி:
எல்லோருக்கும் நன்றி. நண்பருக்கு நபோனிடஸ் கதையைச் சொன்னேன். "அப்படியா, அப்போ நானும் வருகிறேன், காரும் என்னுடையது" என்றார். இராக்கில் பிறந்து வளர்ந்து இதுவரை அவர் போனதே இல்லையாம்! கடைசியாக ஒரு சந்தேகம்: காலையா மாலையா, எது நல்லது?

நாடோடி அக்கா:
நண்பரே வண்டி ஓட்டினால் கவலையே இல்லை. காலையில் போங்கள். மாலையில் நிறம் அழகாக இருக்கும், ஆனால் ஜனவரியில் சீக்கிரம் இருட்டும், இருட்டில் அந்தச் சாலையில் லாரிகளோடு திரும்புவது வேண்டாம். தலைக்குத் துணி, தண்ணீர், ஒரு ஸ்வெட்டர். மேலே காற்று பலமாக அடிக்கும். வளாகத்துக்குள் கடை எதுவும் நான் பார்க்கவில்லை, நசிரியாவிலேயே சமூன் ரொட்டியும் ஃபலாஃபலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கறார்:
போய்வந்து எழுதுங்கள். பழைய செங்கல்லும் புதுச் செங்கல்லும் சேரும் கோடு எங்கே தெரிகிறது என்று பார்த்து, அந்த இடத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். சிமெண்ட் தாத்தாவும் நானும் சண்டை போட அது போதும்.